அந்தரமரத்தோடு வேலை: கட்டும்போதும் பறிக்கும்போதும் நேர்ந்தவை

(அந்தரமரம்: எரிவளி, அதாவது ஹைட்ரஜன், நிரம்பிய ஊதுகாய்களால் வேர் தொங்க அந்தரத்தில் மிதக்கும் கற்பனை மரம். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் புனைபெயர்.)

வடக்கயிறு

மரம் எப்படி இருக்கும், எங்கே வளரும் என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வரலாம்.

500 காய் மரம், மூன்று கயிறு, மூன்று முளை. காலையில் கயிறெல்லாம் அளவாக நின்றது. மேகம் விலகி வெயில் நேராகக் காய்மேல் விழுந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கயிறு மட்டும் தட்டினால் ஒலிக்கிற அளவுக்கு விறைத்துக்கொண்டது. முளையைச் சுற்றி மண் வட்டமாக வெடித்தது. முளை ஒரு விரற்கடை மேலே வந்தது. ஒரே விரற்கடைதான். பிறகு மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். ஒன்றேகால் மீட்டர் விட்டமுள்ள ஊதுகாய்க்குள் சுமார் ஒரு கன மீட்டர் எரிவளி. அது தூக்குவது 1.1 கிலோ. தோலும் காம்பும் முந்நூறு கிராம் தின்றுவிடும், மிஞ்சுவது 800 கிராம். 500 காய்க்கு 400 கிலோ. அடிமரம், கிளை, தொங்கும் வேர்க்கொத்து எல்லாம் சேர்ந்து 350. ஆக, இவ்வளவு பெரிய மரம் உண்மையில் மேலே இழுப்பது 50 கிலோதான். வெயிலில் உள்வளி வெளிக்காற்றைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், தோல் தொய்வாக இருக்கும் காய்கள் உப்பி, இன்னும் 20 கிலோ சேர்ந்துவிடும். இந்த 20 கிலோவை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

போதாததற்கு முளையைச் செங்குத்தாக அடித்திருந்தார்கள். இழுவைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகிற மாதிரி அடிக்க வேண்டும்.

ஊதுகாய்

பறிப்பில் நேர்வது வேறு. காய் பறிக்கப் பறிக்க மரம் கனக்கும். கேட்டால் எல்லாருக்கும் தெரியும், கை வேகம் பிடித்ததும் மறந்துபோகும்.

ஒரு பக்கத்துக் கிளையில் மட்டும் முப்பது காய் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் 24 கிலோ தூக்கு குறைந்துவிட்டது, எதிர்ப்பக்கம் அப்படியே இருக்கிறது. அடிமரம் மெல்லச் சாய ஆரம்பித்தது. மெல்ல என்பதுதான் ஆபத்து. ஏணியில் நிற்பவருக்கு மரம் சாய்வது தெரியவில்லை, ஏணி நகர்கிறது என்று நினைத்து ஏணியை இறுகப் பிடித்தார். பிடிக்க வேண்டியது கிளையை.

முறை: எதிரெதிர்க் கிளைகளில் ஐந்தைந்தாகப் பறிக்க வேண்டும். 25 காய் இறங்கினால் 20 கிலோ வேர்க்கொத்து ஒன்றை அறுத்துவிட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் காய், பிறகு வேர். வேரை முதலில் அறுத்தால் 50 கிலோ இழுவை ஒரே நொடியில் 70 ஆகி, கயிறு உதறும். பறித்த காயை விட்டால் அது மேலே போய்விடும் என்பதால், காம்பில் ஒரு கிலோ மணல்முடிச்சைக் கட்டிய பிறகே வெட்ட வேண்டும். காம்பை மட்டமாக வெட்டக் கூடாது. நான்கு விரல் நீளம் விட்டு, மடக்கிக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டினால் வளி கசியாது.

கல்மேடு

வடக்கயிறு சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடியும். வெயில் 20 கிலோ சேர்த்தது சரி. ஆனால் முளையைப் பிடுங்கியது வெயில் இல்லை, காற்று.

500 காய் மரத்தின் தலை 12 மீட்டர் அகலம். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று அடித்தாலே பக்கவாட்டில் 85 கிலோ அளவுக்குத் தள்ளும். மேலே இழுப்பதோ 50. அப்படியானால் கயிறு நிமிர்ந்து நிற்குமா? தரையோடு 30 பாகைக்குப் படுத்துவிடும். மூன்று கயிற்றில் காற்றை எதிர்த்து நிற்கும் ஒரே கயிறுதான் மொத்தச் சுமையையும் வாங்குகிறது, மற்ற இரண்டும் துவண்டு தொங்கும். ஒரு கயிறு மட்டும் விறைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வெயில் மட்டும் காரணமாக இருந்தால் மூன்றும் சேர்ந்தல்லவா விறைத்திருக்கும்?

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடலாம். காற்று வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்கு. 9 கிலோமீட்டரில் 21 கிலோ, 18-ல் 85, 36-ல் 340. எனவே இதமான காற்றில் கட்டிப் பார்த்துவிட்டு "தாங்குகிறது" என்று சொல்வது பயனில்லை. முளைக்குப் பதில் கட்டை புதையுங்கள். இரண்டடிப் பள்ளம், அதில் படுக்கைவாட்டில் ஒரு கட்டை, கட்டையின் நடுவில் வடம், மேலே கல்லும் மண்ணும் மாற்றி மாற்றி இட்டு மிதித்து இறுக்க வேண்டும். வடம் பள்ளத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் மண்ணைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். இல்லையேல் பள்ளத்தின் விளிம்பு வடத்தை அறுக்கும். காற்று எந்தப் பக்கம் வழக்கமோ அந்தப் பக்கம் இரண்டு கட்டை. கயிற்றின் நீளம் மரம் நிற்கும் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. குட்டைக் கயிறு செங்குத்தாக இழுக்கும், எந்தக் கட்டையும் செங்குத்து இழுப்புக்குத்தான் முதலில் தோற்கும். நார்க்கயிறு பனியில் நனைந்தால் நீளம் குறையும், வெயிலில் மறுபடி நீளும். விடியற்காலையில் இறுக்கிக் கட்டியது மதியம் தொளதொளப்பதும், மதியம் கட்டியது இரவில் முளையை அசைப்பதும் இதனால்தான். கயிற்றை நனைத்து, இழுத்துக் காயவைத்து, அதற்குப் பிறகு அளந்து வெட்டுங்கள். முடிச்சு எதுவானாலும் வால் ஒரு சாணாவது மிஞ்சட்டும்.

நீர்ச்சொட்டு

வெயிலையும் காற்றையும் பேசுகிறீர்கள். தூறலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய காவல்மரம். மேடையில் ஒருவர்தான், அவர் எடைக்கு ஏற்ப வேர் அறுத்துச் சமன் செய்தது. மழை என்று சொல்ல முடியாத தூறல், மண்கூட நனையவில்லை. மரம் இறங்கிக்கொண்டே வந்து, வேர்நுனி கீழே ஓடும் நீரைத் தொட்டது. நீரைத் தொட்ட வேர் ஓட்டத்தில் இழுபட, மேடை ஒருபக்கமாகத் திரும்பியது.

12 மீட்டர் தலைக்குப் பரப்பு 113 சதுர மீட்டர். அதன்மேல் அரை மில்லிமீட்டர் நீர் படிந்து தங்கினால் 56 கிலோ. மரத்தின் மொத்த இழுவையே 50 என்கிறபோது வேறென்ன நடக்கும்? காய்த்தோல் வழவழப்பாக இருந்தால் நீர் வழிந்துவிடும். தூசி படிந்து சொரசொரத்த தோலில்தான் தங்கும். காவல்மரத்துக்கு மாதம் ஒருமுறை காய்த்தோலை ஈரத்துணியால் துடைத்து மெழுகெண்ணெய் பூச வேண்டும். கனமாகப் பூசினால் அந்த எண்ணெயின் எடையே கூடிவிடும். காய்க்கு ஒரு கரண்டி போதும்.

மேடையில் 60 கிலோ மணல் எப்போதும் இருக்க வேண்டும், ஐந்து கிலோ பைகளாக. தூறல் தொடங்கியதும் பை பையாகக் கொட்டுங்கள். வெயில் வந்து தோல் உலர்ந்தால் போன 56 கிலோ திரும்பி வரும், கொட்டிய மணல் வராது என்பதும் நினைவிருக்கட்டும். அதனால் மேடையிலிருந்து ஒரு தாழ்கயிறு தரைக்கு இறங்கி நிற்க வேண்டும், கீழிருந்து பிடித்து நிறுத்த.

தூக்குவண்டி

பாரம் இழுக்க அந்தரமரத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும்.

சமன் செய்த மரம், எடை பூச்சியம். ஒரு விரலால் தள்ளினால் நகரும், அதைப் பார்த்துக் குழந்தைகளும் சிரிப்பார்கள். அப்படி நகர்ந்துகொண்டிருந்த மரம் நடைவேகத்தில் கல்சுவரை நெருங்கியது. ஒருவர் இடையில் புகுந்து உள்ளங்கையை விரித்து அதை நிறுத்தப் பார்த்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் பத்தடி தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது.

மரம், தோல், வளி எல்லாம் சேர்ந்து அரை டன்னுக்கு மேல் நிறை. தள்ளும்போது சுற்றியிருக்கும் காற்றும் கூடவே நகர வேண்டியிருக்கிறது, அதுவும் சில நூறு கிலோ. ஊதுகாய் எடையைத்தான் தாங்கிக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்தை நிறுத்த அதனால் ஆகாது. சுவருக்கும் மரத்துக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது. நிறுத்துவதற்குப் பின்கயிறு ஒன்று வேண்டும், அதை ஒரு நடுகல்லில் இரண்டு சுற்றுச் சுற்றி மெல்ல மெல்ல விட வேண்டும். கையால் பிடித்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும்.

கூரைமுகடு

பறித்த காயை எங்கே வைப்பது என்று ஊதுகாய் எழுதவில்லை. அதில்தான் ஆள் போகிறது.

மூடிய கிடங்கு, கூரையின் முகட்டில் திறப்பு இல்லை. கசிந்த எரிவளிக்கு மணமில்லை, நிறமில்லை. நேரே மேலே போய் முகட்டுக்கடியில் தங்கும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே பற்றும், 75 பங்கு வரை பற்றிக்கொண்டே இருக்கும். முழுக் காய் வெடிக்காது, அதற்குள் காற்று இல்லை. அபாயம் பாதி சுருங்கிய பழைய காயில், காற்று உள்ளே புகுந்திருக்கும். பகலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. உத்தரத்தில் கட்டிய கயிறு தானாகக் கருகி அறுந்து விழுந்ததைப் பார்த்துத்தான் எரிகிறது என்று தெரிந்தது.

முகடு முழுநீளமும் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும், மழைக்கு மேலே தனிக்குடை. விளக்கு உள்ளே போகக் கூடாது. வாரம் ஒருமுறை காம்புக்கட்டில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் அந்தக் காயைத் திறந்தவெளியில் அவிழ்த்துவிடுங்கள், மறுபடி கட்டி வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, வடக்கயிறுக்கும் கல்மேட்டுக்கும்: உலர்ந்த கயிற்றைப் பற்றியே இருவரும் பேசுகிறீர்கள். வறண்ட நாளில் காய்கள் ஒன்றோடொன்று உரசி மின்னேறும். இறங்கி வரும் மரத்தை முதலில் கையால் தொட்டால் பொறி பறக்கும். ஈரக்கயிறு ஒன்று முதலில் மண்ணைத் தொட வேண்டும், அதற்குப் பிறகே ஆள்.

வடக்கயிறு

கல்மேடு சொன்ன புதைகட்டை நல்லதுதான், நிரந்தரமாக நிற்கும் மரத்துக்கு. ஒரு பறிப்புக்காக இரண்டு நாள் நிறுத்தும் மரத்துக்கு யார் மூன்று பள்ளம் வெட்டுவார்கள்? சாய்முளையை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு கட்டினால் போதும். ஒரு கயிறு மட்டும் விறைத்ததற்கு காற்றுதான் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே காற்று காலையிலும் அடித்தது, முளை நின்றது.

கல்மேடு

காலையில் அடித்த காற்றை அளந்தது யார்?

ஒட்டுக்கன்று

சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. அந்தரமரப் பலகை என்று சொல்லி "மிதக்கும் பலகை" விற்கிறார்கள். பலகை மிதக்காது. காற்று கன மீட்டருக்கு 1.2 கிலோ, உலகத்திலேயே இலேசான மரக்கட்டையும் அதைப் போல் பல பத்து மடங்கு. தூக்குவது காய், கட்டை இல்லை. சந்தையில் மிதந்து காட்டும் பலகையின் அடியைத் தடவிப் பாருங்கள், மெல்லிய தோற்பை ஒட்டியிருக்கும். கட்டையாக அதன் பயன் வேறு: இலேசு, வெப்பம் கடத்தாது, பனிக்கட்டிப் பெட்டிக்கு உள்வரியாக நன்றாக நிற்கும். ஆணி பிடிக்காது, மரமுளையும் பசையும்தான்.

நீர்ச்சொட்டு

முளை பிடுங்கிப் போன மரத்தைத் துரத்துகிறவர்களுக்கு: மதியத்தில் ஓடாதீர்கள். மேலே போகப் போகக் காற்று இலேசாகும், கிலோமீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு. காய்கள் விறைத்து, காம்பு வழியாக வளி கக்கி, முதல் கிலோமீட்டரை ஒட்டியே பெரும்பாலும் நின்றுவிடும். பகலில் கக்கிய வளி இரவில் திரும்பாது. வெயில் போய் மிச்சம் குளிர்ந்ததும் காய் சுருங்கும், மரம் இறங்கத் தொடங்கும். காற்று போகும் திசையில் முன்கூட்டியே போய்ச் சாயங்காலத்தில் காத்திருங்கள். தொங்கும் கயிறுதான் முதலில் தரைக்கு வரும். அது மண்ணில் இழுபட்டு வேகம் குறையும்வரை பிடிக்காதீர்கள். பிடித்ததும் தரையில் நிற்கும் ஒரு மரத்தில் சுற்றுங்கள், இடுப்பில் சுற்றாதீர்கள்.