லாப் முழுக்க நெட்வேர்க்கில் இமேஜ் போட்ட அனுபவம்

திண்ணைவேலிப் பக்கம் ஒரு கணினி வகுப்பு லாபுக்கு நெட்வேர்க் பூட் (மெஷின் தன் டிஸ்க்கில் இல்லாமல் நெட்வேர்க் வழியாக எழும்புவது) வைத்துக் கொடுத்தேன், அதில் கண்டதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இன்னும் கனபேர் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போய் விண்டோஸ் அடிக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்ற பிறகு அந்த வேலை இன்னும் கூடிவிட்டது, அதனால் இது யாருக்காவது உதவும்.

அங்கே ஒரு வரிசை மெஷின்கள் எழும்புவதற்குப் பழைய முறையான பயாஸ் மட்டும் உள்ளவை, மற்றவை புதிய முறையான யூஇஎஃப்ஐ. பழையவற்றுக்கு லினக்ஸ் மின்ட், புதியவற்றுக்கு விண்டோஸ் 11 என்று முடிவெடுத்தோம், ஆக இரண்டு இமேஜ், அதாவது எல்லாம் போட்டு முடித்த டிஸ்க்கின் முழுப் பிரதி. உயர்தர ஐசிடி படிக்கிற பெடியளுக்குப் பைதன் வேண்டும், தட்டச்சுக்கு வருகிறவர்களுக்குப் பாமினி எழுத்துருவும் ரெங்கநாதன் விசைப்பலகையும் வேண்டும், இதையெல்லாம் ஒவ்வொரு மெஷினிலும் கையால் போட்டால் எதிலாவது ஒன்று கட்டாயம் விடுபடும். இமேஜை மெஷின்களுக்கு அனுப்பும் சேர்வருக்கு ஃபாக் என்ற மென்பொருளை எடுத்தேன். இலவசம், ஒரு சாதாரண மெஷினில் டெபியன் லினக்ஸ் போட்டு அதற்குமேல் நிறுவலாம்.

ஃபாக்கை நிறுவுவது இலேசு. கஷ்டம் முழுக்க மெஷின்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியில்தான். மெஷின் நெட்வேர்க்கில் எழும்பும்போது முதலில் ஐபி கேட்கும், கூடவே எந்த சேர்வரில் எந்தக் கோப்பை எடுப்பது என்றும் அதற்குத் தெரியவேண்டும். வழக்கமாக அதை டிஎச்சிபியின் 66, 67 ஆம் ஒப்ஷன்களில் சொல்வார்கள். ஆனால் இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஃபைபர் ரவுட்டரில் அதை எழுத இடமே இல்லை. ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு ஃபாக்கிலேயே ஓட விடலாம் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சேர்வர் ஒருநாள் படுத்துவிட்டால் அலுவலக மெஷினுக்கும் ஐபி கிடைக்காது, வகுப்பு நடக்கிற இடத்தில் அப்படி வைக்கக் கூடாது. அதனால் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருளை ப்ரொக்சி முறையில் போட்டேன். ஐபியை ரவுட்டர் வழமைபோலக் கொடுக்கும், டிஎன்எஸ்மாஸ்க் பூட் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். மெஷின் என்ன வகை என்பது 93 ஆம் ஒப்ஷனில் வரும், 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் உரிய ஐபிஎக்ஸ்இ (நெட்வேர்க்கில் எழுப்பும் சிறு நிரல்) கோப்பைக் கொடுக்க வேண்டும். மாறிக் கொடுத்தால் கோப்பு இறங்கும், ஆனால் ஓடாது. ஃபாக்கின் ஐபிஎக்ஸ்இ எழும்ப, அங்கீகாரமில்லாத நிரலை எழும்ப விடாத செக்யூர் பூட்டையும் நிறுத்தவேண்டும்.

பழைய மெஷின்களில் வரும் பிழை எண்களைக் கவனியுங்கள், அவை உண்மையில் வழி காட்டும். இ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை, கேபிளையும் சுவிட்ச்சையும் பாருங்கள். இ53 என்றால் ஐபி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை, அது டிஎன்எஸ்மாஸ்க் பக்கம். இ32 என்றால் கோப்பை இறக்கித் தரும் டிஎஃப்டிபி பதில் தரவில்லை, பெரும்பாலும் சேர்வரின் ஃபயர்வால் 69 ஆம் போர்ட்டை மறித்திருக்கும்.

எனக்கு ஆகக் கூடுதலாக நேரம் போனது வேறொரு விஷயத்தில். ஒரு வரிசையில் மட்டும் ஐபிஎக்ஸ்இ வரைக்கும் ஒழுங்காக வந்து, பிறகு நெட்வேர்க்கை அமைக்கிறேன் என்று புள்ளி புள்ளியாகப் போட்டு நின்றுவிடும். அதே மெஷினை அடுத்த வரிசைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வேலை செய்கிறது. சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் நின்று விளக்கைப் பார்த்தேன். ஐபிஎக்ஸ்இ தொடங்குகிற கணத்தில் அந்தப் போர்ட்டின் விளக்கு ஒருதரம் அணைந்து திரும்ப எரிந்தது. அதோடு விளங்கிவிட்டது, ஸ்பானிங் ட்ரீ, அதாவது நெட்வேர்க்கில் வளையம் வராமல் சுவிட்ச் காக்கும் முறை. இணைப்பு விட்டு வந்ததும் சுவிட்ச் அந்தப் போர்ட்டை 15 செக்கன் கேட்கும் நிலையிலும் 15 செக்கன் கற்கும் நிலையிலும் வைத்திருக்கும், அந்த 30 செக்கன் முடிய முதலே ஐபிஎக்ஸ்இ கைவிட்டுவிடுகிறது. உறுதிப்படுத்த மெஷினுக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச்சைச் செருகினேன், உடனே எழும்பியது. பிறகு மெஷின் பூட்டிய போர்ட்டுகளுக்கெல்லாம் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டேன்.

வேகத்தைப் பற்றிச் சும்மா ஒரு கணக்கு. 25 ஜிபி இமேஜ் ஒன்று 100 எம்பிபிஎஸ் இணைப்பில் போக அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், ஜிகாபிட்டில் டிஸ்க் ஈடுகொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். மல்ட்டிகாஸ்டில் எல்லா மெஷினுக்கும் ஒரேதரத்தில் அனுப்பலாம், ஆனால் ஆகப் பிந்துகிற மெஷினின் வேகம்தான் முழு லாபின் வேகம். அங்கே ஒரு மெஷின் 100 இல் நின்றது. ஜாக்கைப் பார்த்தால் பிரவுண் சோடியில் ஒரு கம்பி கடைசிவரை போகவில்லை. 100க்கு இரண்டு சோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், அதனால்தான் இத்தனை நாளும் இன்ரநெட் வேலை செய்தது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜாக்கைத் திரும்ப அடித்ததும் சரி.

இன்னொன்று: சிஸ்பிரெப் (இமேஜ் எடுக்க முதல் விண்டோஸிலிருந்து அந்த மெஷினுக்குரிய அடையாளங்களை நீக்குவது) முடிந்து மெஷின் அணைந்த பிறகு அது அடுத்ததாக எழும்புவது நெட்வேர்க்கில்தான் என்பதை முதலே பயாஸில் பார்த்து வையுங்கள். இடையில் விண்டோஸ் ஒருதரம் எழும்பினால் சிஸ்பிரெப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். சிஸ்பிரெப்புக்கு முதலே ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

*

அண்ணை, நல்லாய் எழுதியிருக்கிறீங்கள். நான் சாவகச்சேரியில் செய்தபோது வேறு மாதிரி மாட்டியது. மெனு வருகிறது, இமேஜ் போடத் தொடங்கியதும் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. புது இன்டெல் மெஷின்கள், பயாஸில் விஎம்டி (இன்டெலின் டிஸ்க் கட்டுப்பாட்டு வசதி) இயங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் என்விஎம்இ டிஸ்க் தெரிந்தது. இமேஜ் எடுக்கிற மாஸ்டர் மெஷினிலும் நிறுத்திவிட்டுத்தான் விண்டோஸைப் புதிதாகப் போட்டோம், பிறகு எல்லா மெஷினிலும் ஒரே அமைப்பு. ஒரு கேள்வி, மல்ட்டிகாஸ்ட் ஓடும்போது கரண்ட் போனால் என்ன செய்வீங்கள்?

*

தம்பி, விஎம்டி விஷயம் சொன்னது நல்லது, எனக்கு அந்த வகை மெஷின் வரவில்லை. கரண்ட் போனால் பாதியில் நின்ற மெஷின்களுக்கு முதலிலிருந்துதான் போடவேண்டும், தொடர வழியில்லை. யூபிஎஸ்ஸை சேர்வருக்கு மட்டும் கொடுத்துவிட்டு சுவிட்ச்சை விட்டுவிடாதீங்கள், இரண்டுக்கும் கொடுங்கள். நான் ஒரு வரிசை முடிந்த பிறகுதான் அடுத்த வரிசையைத் தொடங்குவேன், அப்போது போனாலும் ஒரு வரிசைதான் போகும். லாபுக்குத் தனி விலான் (சுவிட்ச்சில் பிரித்துவைத்த தனி நெட்வேர்க்) இருந்தால் டிஎன்எஸ்மாஸ்க்கும் அதே விலானில் இருக்கட்டும், ஐபி கேட்டு மெஷின் போடும் முதல் சத்தம் ரவுட்டரைத் தாண்டிப் போகாது.