கேரல் ரவுண்ட்ஸைக் குறைத்தால் கிறிஸ்துமஸ் குறைந்துவிடுமா?

பாளை மகள்:
எங்கள் சபையில் டிசம்பர் பிறந்ததுமே, ராத்திரி வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டது. கூடவே ஞாயிறு பள்ளி நாடகம், வாலிபர் கூடுகை, குடில் போட்டி. வீட்டில் 24-ம் தேதி இரவு வரை முறுக்கு, முந்திரிக்கொத்து. 25 அதிகாலை ஆராதனையில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குகிறோம். ஆங்கிலிக்கன் வழியில் வந்து, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தவர்கள் நாம். கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்தின் நான்கு ஞாயிறும் நமக்குக் காத்திருக்கும் காலம். பீடத்தில் ஊதா விரிப்பு, வாசிப்பில் யோவான் ஸ்நானகனும் மனந்திரும்புதலும். வெளியே வந்ததும் "பிறந்தார்" என்று டிரம்ஸ் அடிக்கிறோம். கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 6 வரை இருக்கிறதே, ரவுண்ட்ஸை 25-க்கு அப்புறம் வைத்தால் என்ன?

நாசரேத் அண்ணாச்சி:
நீ சொல்கிற கணக்கு சரிதான் தங்கச்சி, ஊர் நடப்பு வேறு. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து வருகிற பிள்ளைகள் 26 ராத்திரியே ரயில் ஏறிவிடுகிறார்கள். அப்புறம் யார் பாடுவது?

எங்கள் தெருவில் ஒரு பாட்டி படுத்த படுக்கை. கோவிலுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. ரவுண்ட்ஸ் வருகிற ராத்திரி மருமகளைக் கூப்பிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு, தலையணையில் சாய்ந்தபடி காத்திருப்பாள். பாட்டு முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் தலையில் கை வைத்து ஒவ்வொருத்தருக்காக ஜெபம் பண்ணுவாள். அவளுக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனையே அதுதான். அதைப் போய் அலைச்சல் என்று தள்ளலாமா?

சாயர்புரத்தான்:
அண்ணாச்சி, அந்தப் பாட்டி வீட்டில் எத்தனை நிமிஷம் நிற்கிறீர்கள்? நானும் ரவுண்ட்ஸ் போகிறவன்தான். முதல் வீட்டில் மூன்று சரணம். பத்து வீடு தாண்டினால் ஒரு சரணம். சபை போதகரான ஐயர் ஜெபத்தைத் தொடங்கும்போதே பொருளாளர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார். ஆமென் சொல்லுமுன் டிரம்ஸ்காரர் அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார். காணிக்கைக் கவர் கனமாக வரும் வீட்டில் மட்டும் கேக், காபி என்று கால் மணி நேரம். மரியாள் பாடியது என்ன? பசித்தவர்களை நிரப்பி, ஐசுவரியவான்களை வெறுங்கையாய் அனுப்புகிற தேவனை அல்லவா? லூக்கா முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்.

2023-ஐ யாரும் மறக்கவில்லையே. டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறி ஓடியது. ஒரு வாரத்தில் பண்டிகை. எங்கள் சபையில் சீரியல் லைட் கிடையாது, ரவுண்ட்ஸ் கிடையாது. தண்ணீர் புகுந்த தெருக்களுக்கு அரிசியும் போர்வையும் கொண்டுபோனோம். அந்த வருஷம் 25 காலையில் யாரும் தூங்கவில்லை.

நாசரேத் அண்ணாச்சி:
தம்பி, அரிசி பொட்டலம் கட்டியதும் ராப்பகலான வேலைதானே? நீங்கள் அன்றைக்கு ஓடாமலா இருந்தீர்கள்? யாருக்காக ஓடினோம் என்பதுதான் பேச்சு. அப்புறம், நாங்கள் முறுக்குத் தட்டு அனுப்பும் இந்து வீடுகளில் இருந்து பொங்கலுக்குக் கரும்பு வருகிறது. அடுப்படி வேலையையும் இளப்பமாக எண்ண வேண்டாம்.

பாளை மகள்:
இளப்பமாக எண்ணவில்லை அண்ணாச்சி. அந்த அடுப்படியில் நிற்பது யார் என்றுதான் கேட்கிறேன். இயேசுவை வீட்டுக்கு அழைத்து விருந்து வேலையில் மூழ்கிய மார்த்தாளை, சமைத்ததற்காக ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை, பலவற்றைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். எங்கள் வீட்டில் அம்மாவும் மதினியும் அட்வெந்தில் ஒரு நாளாவது வேதத்தைத் திறந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆண்கள் மாவு திரித்து வந்து, முறுக்கும் பிழியட்டும். தட்டு போகிற வீடுகளுக்கு ஒன்றும் குறையாது.

சாயர்புரத்தான்:
தேதியை மாற்ற முடியாது என்றால் வரிசையையாவது மாற்றுங்கள். படுக்கையில் கிடப்பவர்கள், அந்த வருஷம் துக்கம் நடந்த வீடுகள், இவற்றுக்கு முதலில் போங்கள். முழுப் பாட்டும் பாடுங்கள். பொருளாளர் வர வேண்டாம்.

நாசரேத் அண்ணாச்சி:
வரிசை மாற்ற எனக்குச் சம்மதம். ஆனால் அந்தக் காணிக்கையில்தான் ஏழைக் குடும்பங்களுக்கு வேட்டி சேலை எடுக்கிறோம். அதை நிறுத்தினால் அவர்களுக்கு என்ன பதில்?

பாளை மகள்:
நிறுத்த வேண்டாம், அட்வெந்து முதல் ஞாயிறு ஆராதனையிலேயே அதற்கென்று தனியாக ஒரு காணிக்கை எடுங்கள். மேடை அலங்காரத்துக்குச் செலவழிக்கும் பணத்தையும் அந்தக் காணிக்கையோடு சேருங்கள். அடுத்த கமிட்டியில் நான் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். அண்ணாச்சி, உங்கள் சபையில் நீங்கள் பேசுவீர்களா?