மகளுக்குப் பெயர் தேர்வதில் வீட்டில் நான்கு கருத்துகள்: மும்பைத் தமிழர்களின் ஆலோசனை வேண்டும்

கேள்வி: நெல்லைமகள், முலுண்டு

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்களுக்கு முதல் குழந்தை, பெண் குழந்தை, பிறந்தாள். இருவரும் நலம். ஆனால் இன்றுவரை அவளைப் "பாப்பா" என்றே அழைத்துக்கொண்டிருக்கிறோம், ஏனெனில் பெயர் விஷயத்தில் வீட்டில் ஒருமித்த கருத்து அமையவில்லை. யாருக்கும் யார்மீதும் கோபம் இல்லை. ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுதான் சிக்கல்.

என் மாமனார் இளம் வயதில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பட்டறையில் உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். மறைந்த என் மாமியாரின் பெயர் இசக்கியம்மாள். முதல் பேத்திக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. அதை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். வற்புறுத்தியிருந்தால்கூட மறுத்துப் பேசியிருக்க முடியும் என்று தோன்றுகிறது. என் நாத்தனார் குழந்தைக்கு ஜாதகம் கணித்து வந்திருக்கிறார். மிருகசீரிடம் இரண்டாம் பாதம் என்பதால் பெயர் "வோ" என்ற எழுத்தில் தொடங்க வேண்டும் என்கிறார். அந்தேரியில் வேலை பார்க்கும் என் கணவர், அலுவலகத்தில் தம் பெயரையே திரும்பத் திரும்பத் திருத்திச் சொல்ல வேண்டியிருப்பதால், இந்த நகரத்தில் எவரும் தயங்காமல் அழைக்கக்கூடிய பெயராக மீரா, தியா, அனன்யா போன்றவற்றுள் ஒன்றைக் கேட்கிறார். என் மனத்திலோ யாழினி என்ற பெயர் கருவுற்ற நாளிலிருந்தே பதிந்துவிட்டது.

மருத்துவமனையிலிருந்து பிறப்புப் பதிவுக்காகப் பெயரைக் கேட்கிறார்கள். அவசரமாகத்தான் முடிவு செய்ய வேண்டுமா? "வோ" எழுத்தில் தமிழ்ப் பெயர் உண்டா? ழகரம் உள்ள பெயர் மும்பையில் ஒரு பெண்ணுக்குச் சுமையாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: செம்பூர் கணக்கர்

வாழ்த்துகள், சகோதரி. முதலில் அவசரம் என்ற கவலையை விட்டுவிடுங்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பைத்தான் 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு அதை மருத்துவமனையே மாநகராட்சிக்குத் தெரிவித்துவிடும். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்ய அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னரும் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். பாரம் நிரப்புபவர் கேட்கிறார் என்பதற்காக ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவது எளிது. பெயரையே பின்னாளில் மாற்ற வேண்டுமானால் அரசிதழ் அறிவிப்பு வரை அலைய நேரும். மேலும் 1 அக்டோபர் 2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்டும் அடிப்படை ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அதில் ஏறும் எழுத்து அவளுடன் கடைசிவரை வரும்.

நம்மவர்கள் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. மகாராஷ்டிர அரசு 1 மே 2024 முதல் பிறந்தவர்களின் பெயரை அரசு ஆவணங்களில் குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. தாயின் பெயர் இடம்பெறுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் முதலெழுத்தை மட்டும் போட்டுப் பழகிய நாம் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். வெற்றிடமாக விட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய்க்குப் புறப்படவிருந்த நம் ஊர்க் குடும்பங்கள் எவ்வளவு கலங்கின என்பதை நேரில் கண்டவன் நான்.

மறுமொழி: மாட்டுங்கா தமிழாசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு, "வோ" எழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அங்கே நீங்கள் எவ்வளவு தேடினாலும் பயனில்லை. வகரம் உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கு உயிர்களோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. எனவே "வோ" என்று தொடங்கும் தமிழ்ப் பெயர் இல்லாதது உங்கள் தேடலின் குறையன்று. நட்சத்திர பாதங்களுக்கு எழுத்துகளை ஒதுக்கும் அட்டவணை தமிழின் மொழிமுதல் எழுத்துகளை மனத்தில் கொண்டு அமைந்ததன்று. உங்கள் நாத்தனாரின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிருகசீரிடத்தின் நான்கு பாதங்களுக்கும் உரியவை வே, வோ, கா, கி என்பவை. பாதத்துக்கு உரிய எழுத்து அமையாதபோது அதே நட்சத்திரத்தின் மற்ற எழுத்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படிப் பார்த்தால் காவேரி என்ற அருமையான பெயர் கிடைக்கிறது. வடநாட்டார் எவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இசக்கி என்ற பெயரைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். அது "பழைய காலத்துப் பெயர்" என்று ஒதுக்கப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் ஏற்படும். இயக்கி என்ற பெண் தெய்வத்தின் பெயரே நெல்லை, குமரி வட்டாரங்களில் இசக்கியாக வழங்குகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே கண்ணகிக்கு அடைக்கலம் கொடுக்கப்போகும் மாதரி, நமக்கு முதன்முதலாக அறிமுகமாகும்போது, இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். உங்கள் மாமியாரின் பெயருக்குப் பின்னால் அவ்வளவு நீண்ட வழிபாட்டு மரபு நிற்கிறது. "அம்மாள்" என்ற பின்னொட்டை விடுத்து இசக்கி என்று மட்டும் எழுதினால், நான்கே எழுத்துகளில் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் சிதையாமல் நிற்கும் பெயர் அது.

காப்பியங்களிலிருந்து பெயர் எடுப்பதானால் கதையை முழுவதும் படித்துவிட்டு எடுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. மாதரி அழகான பெயர்தான். ஆனால் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு அவள் தீயில் பாய்ந்து உயிர்விடுகிறாள். அவள் மகள் ஐயையின் பெயர் இன்னும் அழகு. எனினும் இந்தியில் "வாருங்கள்" என்பதற்கு உரிய சொல்லை ஒத்து ஒலிப்பதால் மும்பை வகுப்பறையில் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம் நேரலாம். மணிமேகலையில் வரும் ஆதிரையை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். அமுதசுரபியில் முதல் பிச்சையை இட்டவள் அவள். கணவன் இறந்தான் என்று எண்ணி அவளும் தீயில் இறங்குகிறாள். ஆனால் தீ அவளைச் சுடவில்லை, கணவனும் உயிரோடு திரும்புகிறான். பக்தி மரபிலிருந்து வேண்டுமானால் ஆண்டாளின் இயற்பெயராகிய கோதை, காரைக்கால் அம்மையாரின் இயற்பெயராகிய புனிதவதி, அப்பரின் தமக்கை திலகவதி ஆகியவை இருக்கின்றன.

இணையப் பெயர்ப் பட்டியல்களில் கொடுக்கப்படும் பொருளை மட்டும் நம்பாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது; விரும்பும் பெயரை அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மறுமொழி: தேன்மொழி, சயான்

என் பெயரிலேயே ழகரம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். நான் பிறந்ததும் படித்ததும் இந்த நகரத்தில்தான். மராத்தியில் நம் ளகரத்துக்கு நேரான எழுத்து உண்டு. திலகரையே அவர்கள் "டிளக்" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் என் மராத்தி ஆசிரியை என்னைத் "தேன்மொளி" என்று அழைத்தார், நம் தென்மாவட்டங்களில் பலர் சொல்வதுபோலவே. அது எனக்கு ஒருநாளும் அந்நியமாகத் தோன்றியதில்லை. ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிக்கல். "இசட், எச்" என்று எழுதும் நம் முறையைப் படிக்கும் வடநாட்டார் அதை ஜகரமாக ஒலிப்பார்கள்; யாழினி அவர்கள் வாயில் யாஜினி ஆகிவிடும். எல், அல்லது இரண்டு எல் போட்டு எழுதினால் யாளினி என்றாவது நம் ஒலிக்கு அருகில் நிற்கும். பெயரை விடுவதற்கு முன் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள்.

என் பெயரைக் கேட்டு அதன் பொருளைக் கேட்காதவர்கள் குறைவு. அந்த உரையாடல்கள் வழியாகத்தான் தமிழ் படிக்கும் ஆசையே எனக்கு வந்தது, ஏனெனில் பள்ளியில் தமிழ் இல்லை. ஆகவே சுமையா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன்.

இங்கே பிறப்புச் சான்றிதழ் மராத்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும், தமிழில் வராது. மராத்தி எழுத்தில் குறில் எகரமும் ஒகரமும் வழக்கில் இல்லாததால் தென்றல் தேன்றலாகும், பொன்னி போன்னியாகும். நிலா என்று வைத்தால் நீலா என்ற மராத்திப் பெயராக்கிவிடுவார்கள். எந்தப் பெயரானாலும் மூன்று எழுத்துகளிலும் எழுதி, அண்டை வீட்டு மராத்தியர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறுமொழி: டோம்பிவிலி தந்தை

தேன்மொழி அவர்களின் உறுதியை மதிக்கிறேன், ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த மனவலிமை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் கணவரின் கவலையை மொழிப்பற்று இன்மை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாங்கள் மாதவி என்று வைத்தோம். சிலம்பிலும் இருக்கிறாள், எங்கள் கட்டடத்து மராத்திக் குடும்பத்திலும் இருக்கிறாள். இரு தரப்பாரும் தத்தம் பெயராகவே அதை அழைக்கிறார்கள். மராத்தியர் பன்னிரண்டாம் நாள் நடத்தும் பாரசே சடங்கில் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லும் உரிமை அத்தைக்கு உரியது. உங்கள் நாத்தனார் எழுத்து விஷயத்தில் விட்டுக்கொடுத்தால், பெயரை முதலில் சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுங்கள்.

மறுமொழி: நெல்லைமகள், முலுண்டு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பிறப்பைப் பெயரின்றிப் பதிவு செய்யச் சொல்லிவிட்டோம். அந்த ஒரு செய்தியிலேயே வீட்டின் இறுக்கம் பாதி தணிந்தது. தொல்காப்பிய விதியை நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் வியந்துபோய்க் காவேரிக்கு உடனே இசைந்தார். ஆதிரையை என் கணவர் விரும்புகிறார். ஆனால் மிருகசீரிடத்தில் பிறந்தவளுக்கு அடுத்த நட்சத்திரத்தின் பெயரை ஏன் வைக்க வேண்டும் என்று நாத்தனார் கேட்கிறார்.

மாமனாரிடம் இயக்கி பற்றிய பகுதியை வாசித்தேன். வெகுநேரம் மாமியாரைப் பற்றிப் பேசினார். கோயில் கொடைவிழாவுக்கு அவர் ஊருக்குப் போகாத ஆண்டே இல்லையாம். பிறகு, "இசக்கி என்று நான் கூப்பிட்டுக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் விரும்பியதை வையுங்கள். ஆனால் ஆற்றின் பெயர்தான் வைக்க வேண்டுமென்றால் காவேரி எதற்கு, நமக்குப் பொருநை இல்லையா?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பெயர் யாழினியைக்கூட மறக்கச் செய்துவிட்டது. ஆசிரியர் ஐயா இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்புகிறேன். இசக்கி பொருநை என்று இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்ய முடியுமா என்றும் யாராவது தெரிவியுங்கள்.

மறுமொழி: மாட்டுங்கா தமிழாசிரியர்

உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தாமிரபரணியின் பழம்பெயர் பொருநை. ஆதிச்சநல்லூரும் கொற்கையும் அதன் கரை சார்ந்த ஊர்கள். சேர நாட்டில் கருவூரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கும் ஆன்பொருநை என்ற பெயர் இருந்தது. கதைச்சுமை எதுவும் இல்லாத பெயர். தேன்மொழி அவர்கள் சுட்டிய ஒகரச் சிக்கல் மட்டும் உண்டு. மராத்தியில் போருனை என்றே படிப்பார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

மறுமொழி: செம்பூர் கணக்கர்

இரண்டு சொற்களையும் சேர்த்துக் குழந்தையின் பெயராகவே எழுதலாம், தடையில்லை. ஆனால் எந்தச் சொல் முதலில் வருகிறது என்பதையும் இடைவெளியையும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். அங்கே அவருடைய தந்தையின் பெயர் இருந்தால் குழந்தைக்கும் அதுவே போதும். மாநகராட்சி அலுவலகத்தில் பாரத்தைக் கொடுக்கும் முன், மராத்தியில் தட்டச்சு செய்யப்பட்ட வரியை உங்கள் கணவர் ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிடட்டும்.