பிளாக் டைமைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். பயணச் செயலி ஒன்றின் தமிழாக்கத்தை நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். மாதிரித் திரையில் சென்னை–யாழ்ப்பாணம், தூரம் சுமார் 355 கி.மீ. சிக்கல் நேரத்தில்தான். ‘விமான நேரம்’ என்று போட்டால் ‘எத்தனை மணிக்கு?’ என்று எடுத்துக்கொள்வார்கள். மொழிபெயர்க்க வேண்டிய சொற்சரங்களிலோ இரண்டு நேரம் இருக்கிறது. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரை ஒன்று. நிறுத்திய இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து போய் நிற்கும் வரை இன்னொன்று. பின்னது பிளாக் டைம். என்ன சொல்லலாம்?
— ச., சென்னை

முதலாவதுக்குப் ‘பறப்பு நேரம்’ போடுங்கோ. இங்கே எல்லாருக்கும் விளங்கும்.
— தி., யாழ்ப்பாணம்

பறப்பு பறவைக்கு. புறநானூறு 27இல் ‘வலவன் ஏவா வானவூர்தி’ இருக்க, விமானம் எதற்கு? நேரம் என்பதையும் விட்டுவிட்டுப் பொழுது என்போம். என் பரிந்துரை: ‘ஊர்பொழுது’.
— ம., மதுரை

ஐயா, ஊர்பொழுது என்றால் ஊரில் விடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். வலவன் ஏவாதது என்றால் ஓட்டுகிறவர் இல்லாதது. படித்த பயணி டிக்கெட்டை ரத்து செய்துவிடுவார்.
— ச.

பிளாக் என்பது சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற ஊர்க்காரன் சொல்கிறேன். வடம் பிடித்து நாலு வீதியும் சுற்றி, தேர் ‘நிலைக்கு வந்தது’ என்கிறோம் இல்லையா? அதேதான் இதுவும். ‘நிலையிடை நேரம்’.
— க., திருவாரூர்

அழகுதான் அண்ணே. ஆனால் அதே திரையில், தாமதமா ரத்தா என்று காட்டும் இடத்துக்கு ‘விமான நிலை’ என்று ஏற்கெனவே போட்டாயிற்று. மேலே ‘விமான நிலையம்’ வேறு.
— ச.

தலையிடுவதற்கு மன்னிக்கவும், விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையில் ‘ஃபிளைட் டைம்’ என்பதே புறப்படுவதற்காக நகரத் தொடங்கியதிலிருந்து கடைசியாக நிற்கும் வரைதான். அப்படியானால் பறப்பு நேரத்தை ச.வின் இரண்டாவது நேரத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்! இந்தத் தடத்தில் 2019இல் பறக்கத் தொடங்கிய ஏடிஆர் 72 ரக விமானம் மணிக்கு 500 கி.மீ. போகக்கூடியது. வகுத்தால் 45 நிமிடம்கூட வராது. டிக்கெட்டில் ஒரு மணிக்கு மேல் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலேறுவது, இறங்க வளைந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். தூரமும் அப்படித்தான்: 355 என்பது பெருவட்டத் தொலைவு, அதாவது பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய தூரம்; உண்மையில் பறப்பது கூடுதலாக இருக்கும். விமானிக்கு அது 190 சொச்சம் கடல் மைல்.
— பெ., கோவை

வானத்தில் எதற்குக் கடல் மைல்? வான்மைல் என்றால் என்ன?
— ம.

ஐயா, அந்தப் பக்கம் போக வேண்டாம், நாளைக்குக் கெடு! ‘வானில் இருக்கும் நேரம்’, ‘மொத்தப் பயண நேரம்’. ஆட்சேபணை உண்டா?
— ச.

மொத்தம் என்றால் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகிற நேரமும் சேருமோ எண்டு சனம் கேக்கும். எண்டாலும் போடுங்கோ, வேற வழியில்லை.
— தி.

சரி, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். நிலையிடை நேரத்தை அகராதிக் குழுவுக்குத் தனியாக அனுப்பப் போகிறேன்.
— க.

‘மொத்தம்’ தமிழ்தானா என்று யாருமே கேட்கவில்லை. தனி இழையில் எழுதுகிறேன்.
— ம.