வருமான வரியை எடுத்துவிட்டால் நாடு நின்றுவிடுமா?

கழித்தம்போக:
புலம்பலில் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு வேலை பார்த்த கம்பெனி ஏழு மாதம் என் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்தது. பே ஸ்லிப்பில் அழகாக அச்சாகியும் இருக்கிறது. ஆனால் அரசுக்குக் கட்டவே இல்லை. இப்போது வட்டியோடு 94,000 ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, கம்பெனிக்கு இல்லை, எனக்கு. பிடித்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

அந்தக் கடுப்பில்தான் கேட்கிறேன். தனிநபர் வருமான வரி என்ற ஒன்றை ஏன் அடியோடு எடுக்கக் கூடாது? எனக்கு இப்போது வருடம் 18 லட்சம். 75,000 நிலைக் கழிவு போக 17.25 லட்சத்துக்குப் புதிய முறையில் வரி, செஸ் எல்லாம் சேர்த்து 1,50,800. மிச்சத்தைச் செலவு செய்தால் அதற்கும் வரி. பக்கத்து வீட்டில் நாற்பது ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவருக்கு விவசாய வருமானம் என்று ஒரு பைசா கிடையாது. பெரிய கம்பெனிகளுக்கு 2019 செப்டம்பரில் ஒரே நாளில் 22 சதவீதமாகக் குறைத்தார்கள், என்னை மாதிரி ஆள் 24 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் 30. 2025-26 பட்ஜெட்டைப் பாருங்கள், அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் வருமான வரி 22 பைசா, கம்பெனி வரி 17 பைசா. ஆக நாம்தான் கம்பெனிகளைவிட அதிகம் கட்டுகிறோம். அதே பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள், வானம் இடிந்தா விழுந்தது? அப்புறம் ஏன் மிச்சத்தையும் விடக் கூடாது? செலவு செய்யும்போது வாங்கிக்கொள்ளட்டும், அல்லது புனேயில் அர்த்தகிராந்தி என்று ஒரு குழு ரொம்ப நாளாகச் சொல்வதுபோல வங்கிப் பரிவர்த்தனைக்கு ஒரு சின்ன வரி போட்டுவிட்டு மற்றதையெல்லாம் தூக்கட்டும்.

லெட்ஜர்:
உங்கள் நோட்டீஸ் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு வழி இருக்கிறது. முதலில் கணக்கு, ஏனென்றால் இந்தப் பேச்சில் யாருமே கணக்குப் போடுவதில்லை.

நீங்கள் சொன்ன 22 பைசா என்பது பட்ஜெட் மதிப்பீட்டில் 14.38 லட்சம் கோடி. ஒன்றிய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, அதில் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டுமே 12.76 லட்சம் கோடி. இதே பட்ஜெட்டில் ஜிஎஸ்டியில் ஒன்றிய அரசுக்கு வருவது 11.78 லட்சம் கோடி. வருமான வரியை எடுத்துவிட்டு அந்தத் தொகையையும் ஜிஎஸ்டியிலேயே எடுக்க வேண்டுமென்றால் ஒன்றிய அரசின் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டும். இன்று 18 சதவீதம் இருக்கிற பொருளில் 9 அவர்களுக்கு, 9 மாநிலத்துக்கு. அந்த 9 இருபதாகும். பில்லில் 29, 30 என்று வரும். 5 சதவீதப் பொருள் எட்டைத் தாண்டும். விலை ஏறியும் ஜனங்கள் வாங்குவதைக் குறைக்கவே மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது, நிஜத்தில் இன்னும் மோசமாக இருக்கும்.

12 லட்சம் வரை விட்டதும் சும்மா இல்லை. அதனால் நேரடி வரியில் ஒரு லட்சம் கோடி போகும் என்று பட்ஜெட் உரையிலேயே சொன்னார்கள். நீங்கள் கேட்பது அதைப்போலப் பதினாலு மடங்கு.

கழித்தம்போக:
அரிசி, காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லையே. சில்லறையில் வாங்கும் அரிசிக்கு ஏது வரி? ஏழைக்கு அடி என்று எடுத்தவுடன் சொல்லிவிடுகிறீர்கள். சோப்பு, ஷாம்பு எல்லாம் 2025 செப்டம்பரில் 18இலிருந்து 5க்கு வந்துவிட்டது.

லெட்ஜர்:
வந்தது, நல்லது. நீங்கள் சொல்கிற மாதிரி செய்தால் அதைத் திரும்ப ஏற்ற வேண்டிவரும், அதுதான் என் பாயிண்ட். போன் ரீசார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள், 18 சதவீதம். எங்கள் ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிற அக்காவும் நீங்களும் ஒரே பிளான் போடுகிறீர்கள், ஒரே வரி. உங்களுக்கு மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சமாகும். அவர் இன்று வருமான வரி என்று ஒரு பைசா கட்டவில்லை, அதனால் அவருக்கு மிச்சமாக ஒன்றும் இல்லை, ரீசார்ஜ் மட்டும் ஏறும். ரிட்டர்ன் போடுகிறவர்களிலேயே பெரும்பாலோர் வரி பூஜ்யம் என்று போடுகிறவர்கள். ஆக, கட்டுகிற சில கோடிப் பேர் இறக்கிவைப்பதை 140 கோடிப் பேர் தூக்க வேண்டும்.

பவர்டேபிள்:
நான் திருப்பூர். வங்கிப் பரிவர்த்தனை வரி என்று யாரோ சொன்னீர்கள், அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒரு பனியன் எப்படி வருகிறது தெரியுமா? மில்லிலிருந்து நூல் வியாபாரி, அவரிடமிருந்து துணி போடுகிறவர், அவரிடமிருந்து எங்களை மாதிரி தைக்கிறவர், அப்புறம் ஹோல்சேல் கடை, அப்புறம் சில்லறைக் கடை. நடுவில் நிட்டிங் கூலி, சாயப்பட்டறைக் கூலி, காம்பாக்டிங், பிரிண்டிங், செக்கிங், அயர்னிங் என்று தனித்தனியாக பில். இத்தனையும் வங்கி வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு கைமாறலிலும் முழுத் தொகைக்கு இரண்டு சதவீதம் என்று பிடித்தால் என்ன ஆகும்? ஜிஎஸ்டியில் நான் கட்டியதை அடுத்தவன் கழித்துக்கொள்வான், இதில் கழிவே கிடையாது, வரி மேல் வரிதான். 150 ரூபாய் பில்லில் எனக்கு நிற்பதே நாலு ரூபாய். அதில் மூன்று ரூபாய் போய்விடும். நூல் மில்லிலிருந்து பெட்டி கட்டுவது வரை ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கிற பெரிய கம்பெனிக்கு இந்தக் கைமாறலே இல்லை, அவன் பருத்தி வாங்கும்போது ஒரு தடவை கட்டிவிட்டுப் போய்விடுவான். ஜாப் ஒர்க்கை நம்பி இருக்கிற ஊரை ஒரே வருடத்தில் படுக்கவைத்துவிடலாம்.

இதெல்லாம் தெரிந்தால் எவன் வங்கி வழியாகக் கொடுப்பான்? பெங்களூரில் 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும் பெட்டிக்கடைக்காரர்கள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். இரண்டு சதவீதம் போட்டால் நாங்களும் கட்டுக் கட்டாக நோட்டோடு அலைவோம்.

வியாபாரி எல்லாரும் ஏமாற்றுகிறான் என்று அடுத்து ஆரம்பித்துவிடாதீர்கள், அதற்கு எனக்கு நேரமில்லை.

ஷார்ஜா வாசி:
பதினோரு வருடமாக வருமான வரி இல்லாத ஊரில் இருக்கிறேன். சம்பளம் முழுசாகக் கையில் வருவது சுகம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தியாவில் இருந்துகொண்டு "துபாயைப் பார்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கிணற்றில் எண்ணெய் இருக்கிறது, குடிமக்கள் பத்தில் ஒரு பங்கு ஆள்தான், மிச்சப் பேர் எங்களை மாதிரி வந்து உழைத்துவிட்டு வயசானால் கிளம்ப வேண்டியவர்கள். எங்களுக்கு ஓய்வூதியம் தர வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் தர வேண்டாம். அப்படி ஒரு நாட்டை நடத்துவது வேறு கணக்கு.

அதுவும் மாறிக்கொண்டுதான் வருகிறது. 2018இல் 5 சதவீதம் வாட் வந்தது. 2023இல் கம்பெனி லாபத்துக்கு 9 சதவீதம். சவூதியில் வாட் 5இல் ஆரம்பித்து 2020 ஜூலையில் ஒரேயடியாக 15. ஓமன் 2028 முதல் வருடம் 42,000 ரியாலுக்கு மேல் போகும் வருமானத்துக்கு 5 சதவீதம் என்று சட்டமே போட்டுவிட்டது, வளைகுடாவில் அதுதான் முதல். எண்ணெய் இருக்கிறவனே இந்தப் பக்கம் வருகிறான், இல்லாத நாம் அந்தப் பக்கம் போகலாம் என்கிறோம்.

துபாயில் இருக்கிற என் மச்சான் மின்சார பில்லோடு வீட்டுக் கட்டணம் என்று வருட வாடகையில் 5 சதவீதத்தை மாதாமாதம் பிரித்துக் கட்டுகிறான். அதற்கு வரி என்று பெயர் இல்லை, அவ்வளவுதான்.

பழையபேப்பர்:
ஒழிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இந்தியாவில் இரண்டு முறை ஒழித்தாயிற்று என்பது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காலி. லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சனை அனுப்பினார்கள், எகனாமிஸ்ட் பத்திரிகையை ஆரம்பித்த அதே ஆள். 1860இல் வருமான வரி கொண்டுவந்தார். வருடம் 200 ரூபாய் முதல் 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4. அப்போது சென்னையில் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன், பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கியவர். இந்த வரி இங்கே ஆகாது என்று மேலிடத்துக்கு எழுதியதோடு நிற்காமல் அதை ஊரறிய வெளியிட்டும் விட்டார். உடனே லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வில்சனோ அதே வருடம் கல்கத்தாவில் காலமானார். வேடிக்கை என்னவென்றால் டிரெவெல்யன் பிறகு நிதி உறுப்பினராகவே கல்கத்தாவுக்கு வந்தார், அவர் காலத்தில்தான் 1865இல் வருமான வரி போனது. 1869இல் மறுபடி வந்தது, 1873இல் மறுபடி போனது. 1886இல் வந்ததுதான் இன்று வரை பெயரை மாற்றி மாற்றி நிற்கிறது.

இனி கவனியுங்கள். 1873இல் வருமான வரி போயிற்று. மூன்றே வருடத்தில் தாது வருடப் பஞ்சம், சென்னை மாகாணத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்தப் பஞ்சக் காலத்திலேயே இங்கே உப்பு வரியை ஏற்றினார்கள். 1878இல் லைசென்ஸ் வரி என்று வியாபாரி, கைவினைக்காரன் தலையில் ஒன்று வைத்தார்கள். சம்பளம் வாங்குகிற அதிகாரிக்கும் வக்கீலுக்கும் அதில் விலக்கு. வருமான வரி போன இடத்தில் யார் கட்டினார்கள் என்று தெரிகிறதா?

கழித்தம்போக:
வெள்ளைக்காரன் செய்ததற்கு நான் பொறுப்பா சார்? அவன் ஆட்சியில் நமக்கு ஓட்டு கிடையாது. இன்று உப்புக்கு வரி போட்டால் அடுத்த தேர்தலில் ஆட்சி காலி. இன்னொன்று, விகிதத்தைக் குறைத்தால் வசூல் செத்துவிடும் என்பதும் உண்மையில்லை. 1973-74இல் உச்ச வரி 97.75 சதவீதம் வரை போனது, அப்போது எல்லோரும் ஒழுங்காகக் கட்டினார்களா? 1997இல் 30க்குக் கொண்டுவந்த பிறகுதானே வசூல் ஏறியது.

லெட்ஜர்:
97இலிருந்து 30க்கு வந்தால் ஒளிக்கிறவன் வெளியே வருவான், ஒத்துக்கொள்கிறேன். 30இலிருந்து பூஜ்யத்துக்கு வந்தால் எல்லோரும் மகிழ்ச்சியாக வெளியே வந்து பூஜ்யம் கட்டுவார்கள்.

கோண்டாவில்:
தம்பி, இலங்கையில் நாங்கள் கிட்டத்தட்ட இதைச் செய்து பார்த்தவர்கள், அதுதான் எழுதுகிறேன். 2019 முடிவில் புது ஜனாதிபதி வந்த கையோடு வற் வரியை 15இல் இருந்து 8க்கு இறக்கினார்கள். வருமான வரி விலக்கை வருடம் 5 லட்சத்தில் இருந்து 30 லட்சம் ரூபாய்க்கு ஏற்றினார்கள். சம்பளத்தில் பிடிக்கிற வரியை 2020 ஜனவரியோடு எடுத்தே விட்டார்கள். எங்கட வீட்டில் அந்த மாதம் சம்பளத் துண்டைப் பார்த்துவிட்டு அவர் புதுச் சைக்கிள் ஒன்று வாங்குவோமா என்று கேட்டார், மகளுக்கு.

2022இல் அந்தச் சைக்கிள்தான் எங்களைக் காப்பாற்றியது, ஏனென்றால் பெற்றோல் இல்லை. காஸ் சிலிண்டரைக் கயிற்றால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு முறை மாற்றி நின்றோம். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 வீதம் அளவில் நின்றது. இப்ப வற் 18, வருமான வரி உச்சம் 36. அந்த இரண்டு மூன்று வருடம் மிச்சம் பிடித்ததை வட்டியும் குட்டியுமாகத் திருப்பிக் கட்டுகிறோம்.

கழித்தம்போக:
அக்கா, நீங்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே வற்றையும் சேர்த்துத்தானே இறக்கினார்கள்? நடுவில் கொரோனா, சுற்றுலா படுத்தது, 2021இல் ரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். எல்லாப் பழியையும் வருமான வரி மேல் போடுவது நியாயமில்லை.

கோண்டாவில்:
அது சரி, எல்லாம் சேர்ந்துதான். உரக் கூத்தைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் விடியும். ஆனால் தம்பி, வரி வருமானம் விழுந்தவுடன் வெளியில் கடன் தருகிறவன் எங்களை நம்பவில்லை, 2020இல் தரமதிப்பீட்டையும் இறக்கினார்கள். கொரோனாவும் வந்த நேரம் கைமாற்றுக்கூட வாங்க இடமில்லை. வரியை வெட்டுகிற அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. சம்பளத் துண்டு வடிவாகத்தான் இருக்கும்.

பவர்டேபிள்:
மறுபடி வந்தேன், ஒன்று கேட்க. இந்த 14 லட்சம் கோடியில் மாநிலத்துக்கும் பங்கு உண்டுதானே, அதை எடுத்துவிட்டால் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு அடி?

லெட்ஜர்:
நல்ல கேள்வி, இதை யாரும் பேசுவதில்லை. பகிர்வுக்கு வரும் வரியில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும், அதில் 2025-26 வரை நமக்கு 4.079 சதவீதம். ஏற்கெனவே குறைச்சல் என்று சண்டை. செஸ், சர்சார்ஜ் என்று வரி மேல் போடும் கூடுதல் வரிகள் பகிர்வுக்கே வராது, அதைக் கழித்துப் பார்த்தாலும் வருமான வரி வழியாக மட்டும் வருடம் இருபதாயிரம் கோடிக்குக் குறையாமல் வருகிறது. வருமான வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செஸ் போட்டு நிரப்பினால் நமக்கு அதில் ஒரு பைசா வராது. ஒன்றிய அரசு எந்த வழியில் நிரப்பும் என்று நினைக்கிறீர்கள்?

கழித்தம்போக, இப்போது உங்கள் நோட்டீஸ். வருமான வரிச் சட்டம் 1961இல் பிரிவு 205 பாருங்கள். சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்தால் அந்த அளவுக்கு அதை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது, கட்டாதது கம்பெனியின் குற்றம். உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அந்த ஏழு மாதம் காட்டாது, அதனால்தான் டிமாண்ட் விழுந்திருக்கிறது. ஏழு மாத பே ஸ்லிப்பையும், வரி போக மிச்சச் சம்பளம் வந்த வங்கி ஸ்டேட்மென்ட்டையும் மாதத்துக்கு மாதம் பொருத்தி வையுங்கள். போர்ட்டலில் டிமாண்டை ஏற்கவில்லை என்று பதில் போட்டு, 205ஐக் குறிப்பிட்டு, இதையும் இணையுங்கள். பயந்துபோய் முதலில் கட்டிவிடாதீர்கள், திரும்ப வாங்குவது பெரும்பாடு.

கழித்தம்போக:
205 பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, ரொம்ப நன்றி. ஐந்து மாத ஸ்லிப் மெயிலில் இருக்கிறது, இரண்டு கிடைக்கவில்லை. வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா?

மற்றபடி அர்த்தகிராந்தியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், திருப்பூர் அண்ணன் அடித்த அடியில். தென்னந்தோப்பை விடுவதாக இல்லை. அதற்குத் தனித் திரி போடுகிறேன், எல்லாரும் வந்துவிடுங்கள்.

லெட்ஜர்:
அந்த இரண்டு மாதத்துக்கு ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளம் இருக்கும், அதையும் சேர்த்து வையுங்கள். தென்னந்தோப்பு விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.