ஹத்துசாவில் வருணன், ஹாலேயில் ஒரு குடும்பம்: இந்தோ-ஐரோப்பியத் தடயங்களை நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

நானே தொடங்கிவிடுகிறேன். துருக்கியில் வேலை பார்த்த சமயம் அங்காராவிலிருந்து காரில் போகாஸ்கலே போனேன், சுமார் 200 கி.மீ. பழங்காலத்தில் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளின் தலைநகர் ஹத்துசா இங்கேதான் இருந்தது. சிங்க வாசலும் கோட்டைக்கு அடியில் ஓடும் கல் சுரங்கப்பாதையும் பிரமாதம். ஆனால் என்னை இழுத்தது, 1906 முதல் நடந்த அகழாய்வில் இங்கே கிடைத்த களிமண் பலகைகளின் கதை. அவற்றிலுள்ள ஹிட்டைட் மொழி, சமஸ்கிருதம், கிரேக்கம், ஆங்கிலம் எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1915-ல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி காட்டினார்.

வழிகாட்டி என்னைப் பார்த்து, "இந்தியாவா? உங்க சாமிங்க இங்க சாட்சி சொல்லியிருக்காங்க" என்றார். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் அரசன் சுப்பிலுலியுமா மித்தானி நாட்டு இளவரசனோடு செய்த ஒப்பந்தத்தைச் சொன்னார். சாட்சித் தெய்வங்களின் நீண்ட பட்டியலில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்) பெயர்கள் வருகின்றன. எங்கள் ஊரில் இந்திரனுக்குக் கோயிலே கிடையாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை!

வடசிரியாப் பக்கம் இருந்த மித்தானியில் மக்கள் பேசியது ஹுரியன். அதற்கும் இந்தோ-ஐரோப்பியத்துக்கும் உறவே இல்லை. அரசர் பெயர்கள், சில தெய்வங்கள், கிக்குலி என்ற மித்தானிக்காரரின் குதிரைப் பயிற்சிக் குறிப்பில் வரும் சில சொற்கள், இவற்றில் மட்டும் இந்தோ-ஆரியச் சாயல், அதாவது சமஸ்கிருதம் சேர்ந்த கிளையின் சாயல். மக்கள் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். இந்த ஒரு பலகையை வைத்துக்கொண்டு "ஆரியர் வந்த வழி இதுதான்" என்று ஒருவரும், "இந்தியாவிலிருந்து போனவர்கள்தான்" என்று இன்னொருவரும் அடித்துக்கொள்வது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது.

பதில் 1

அண்ணா, நான் ஜெர்மனியில் படிக்கிறேன். ஹாலே அருங்காட்சியகத்தில் எல்லோரும் சூரியன், நிலா, நட்சத்திரங்கள் பதித்த பழங்கால வெண்கலத் தட்டான நெப்ரா வான்தட்டைத்தான் மொய்க்கிறார்கள். என்னை நகரவிடாமல் செய்தவை ஒய்லாவ் புதைகுழிகள். 2005-ல் கண்டெடுத்தது, சுமார் 4,600 ஆண்டு பழையது. நான்கு குழிகளில் 13 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். ஒரு பெண்ணின் முதுகெலும்பில் கல் அம்புமுனை குத்தி நிற்கிறது. ஒரு குழியில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, இரண்டு மகன்கள் என்று மரபணு ஆய்வு சொன்னது. ஒருவரை ஒருவர் பார்த்தபடி கிடத்தியிருக்கிறார்கள். யார் புதைத்தார்களோ, பொறுமையாகச் செய்திருக்கிறார்கள்.

இவர்கள் கயிற்றுப் பதிவு மட்பாண்டப் பண்பாட்டினர், அதாவது ஈரக் களிமண்ணில் கயிற்றை அழுத்திப் பானைகளை அலங்கரித்தவர்கள். இதில் ஒரு விஷயம்: இந்தோ-ஐரோப்பியர் தாயகம் வட ஜெர்மனிப் பகுதியே என்று ஜெர்மானியத் தொல்லியலாளர் கொஸ்ஸினா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார், நாஜிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2015-ல் வந்த மரபணு ஆய்வோ, ஜெர்மனியில் இந்தப் பண்பாட்டினரின் மூதாதையரில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்றைய உக்ரைன், தென் ரஷ்யப் புல்வெளியில் வாழ்ந்த, இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் பரப்பியவர்கள் என்று பலர் கருதும் யம்னயா மக்களோடு ஒத்துப்போவதாகச் சொன்னது. "சுத்தமான மண்ணின் மைந்தர்" என்று கொண்டாடப்பட்டவர்கள் கிழக்கிலிருந்து வந்த மாட்டிடையர்களின் வாரிசுகள்!

பதில் 2

நம்ம பக்கமும் கொஞ்சம். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் புதைக்கப்பட்ட பெண்ணின் மரபணுவில் புல்வெளி மூதாதையர் கலப்பு தெரியவில்லை, அந்தக் கலப்பு தெற்காசியாவுக்குள் வந்தது கி.மு. 2000-க்குப் பிறகு என்று 2019-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. அதைப் படித்துவிட்டு என் அத்தை மகன் ஒரு மரபணுப் பரிசோதனை நிறுவனத்துக்கு எச்சில் மாதிரி அனுப்பினான். வந்த அறிக்கையில் கொட்டை எழுத்தில் 'தென்னிந்தியா' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயருக்குள்ளேயே பல ஆயிரம் ஆண்டுக் கலப்பு அடங்கியிருக்கும், அதை அவர்கள் பிரித்துக் காட்டுவதில்லை. காசு போனதுதான் மிச்சம்.

சரி, பலகைகளைப் பார்க்க அங்காரா போதுமா, இஸ்தான்புல்லுக்கும் போகணுமா?

தொடங்கியவர்

இரண்டு ஊர் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. ஹத்துசாவுக்கு மட்டும் குளிர்காலத்தில் போகாதீர்கள், மேடெல்லாம் பனி மூடிவிடும்.