கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்கிறது. உரிமமோ கட்டுமான நிறுவனத்தின் பெயரில் உள்ளது

கேள்வி (சத்துவாச்சாரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்):

வணக்கம். எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பில் ஆறு பேர், 408 கிலோ என்று எழுதிய லிஃப்ட் ஒன்று உள்ளது. மூன்று மாதமாக அது தளத்தோடு சமமாக நிற்பதில்லை. சில வேளை இரண்டு அங்குலம் மேலே, சில வேளை கீழே நிற்கிறது. சென்ற வாரம் முதியவர் ஒருவர் அந்தப் படியில் இடறி விழப் பார்த்தார். பராமரிப்பவர் எல்லாம் வெயிலால் வருவது என்கிறார். இடையில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோனதால், கண்ட்ரோல் பெட்டிக்குள் விரல் நீளச் சிவப்பு ஒயர் ஒன்றை இரண்டு முனைகளுக்கு நடுவே பொருத்தினார். அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஆனால் நேற்று கதவு முழுதும் மூடாமலே நகர்ந்தது. இயக்க உரிமம் கட்டுமான நிறுவனத்தின் பெயரில் இருந்து காலாவதியாகிவிட்டது. அவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. புதுப்பிக்க வேண்டியவர் யார்? பராமரிப்பவர் தம்மிடம் மின் ஒப்பந்ததாரர் உரிமம் இருப்பதாகச் சொல்கிறார், அது போதுமா?

பதில் (காட்பாடி, லிஃப்ட் தொழில்நுட்பர்):

ஐயா, உரிமத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில், உள்ளே எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டும் கூண்டின் கதவும் ஒரே பாதுகாப்புச் சுற்றில் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று திறந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் நின்று பிரேக் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் சொல்லும் நடத்தையைப் பார்த்தால் அந்தச் சிவப்பு ஒயர் இந்தச் சங்கிலியை ஷார்ட் செய்திருக்கிறது, அதாவது குறுக்குவழி போட்டுச் செயலற்றதாக்கியிருக்கிறது. பழுது அப்படியே இருக்கிறது, பழுதைச் சொல்லும் வாயைத்தான் கட்டியிருக்கிறார். சோதனையின்போது இப்படிச் செய்பவர்கள்கூட, ஆட்களை ஏற்றும் முன் கழற்றியாக வேண்டும்.

வெயில் என்பது வேலூரில் எல்லாப் பழுதுக்கும் கிடைக்கும் சமாதானம். இயந்திர அறை 40 டிகிரியைத் தாண்டினால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவ் சூடேறி நின்றுபோகலாம். தளம் மாறி நிற்பதற்கு அது பொருத்தமான காரணம் அன்று. எப்போதும் ஒரே மாடியில் ஒரே அளவு பிசகினால், கூண்டு ஓடும் கூட்டில், நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் காந்தமோ உணரியோ இடம் மாறியிருக்கலாம். ஆள் ஏறும் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிசகு மாறினால் பிரேக் லைனர் (பிரேக்கில் உராய்ந்து பிடிக்கும் பட்டை) தேய்ந்திருக்கலாம், அல்லது கம்பிவடம் கப்பியில் வழுக்கலாம். வடத்தின் மீதும் கப்பியின் மீதும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, மேலும் கீழும் ஓட்டி அதே தளத்தில் நிறுத்தினால், வழுக்கல் இருக்கும்போது கோடுகள் விலகியிருக்கும். இதைத் தொழில்நுட்பர் மட்டுமே செய்ய வேண்டும்.

பதில் (ராணிப்பேட்டை, மின் பொறியாளர்):

தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென 1997ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் உள்ளன. அவற்றை நடைமுறைப்படுத்துவது மின் ஆய்வுத் துறை. நிறுவுவதற்கு முன் ஒரு அனுமதி, நிறுவிய பின் இயக்குவதற்கு ஓர் உரிமம் என இரண்டு படிகள். பொறுப்பு லிஃப்டின் உரிமையாளருடையது. பராமரிப்பவருடன் ஒப்பந்தம் போட்டதால் அது கைமாறிவிடாது. குடியிருப்பு உங்கள் வசம் வந்துவிட்ட நிலையில், கட்டுமான நிறுவனத்திற்காகக் காத்திராமல், சங்கப் பதிவுச் சான்று, ஒப்படைப்புக் கடிதம், பழைய உரிமத்தின் நகல் ஆகியவற்றோடு மின் ஆய்வாளரை அணுகிப் பெயர் மாற்றத்தையும் புதுப்பித்தலையும் கேளுங்கள்.

மின் ஒப்பந்ததாரர் உரிமம் ஒயரிங் முதலான மின் பணிகளுக்கு உரிமம் வழங்கும் வாரியம் தருவது. அதைக் காட்டி லிஃப்ட் பராமரிப்புக்குத் தகுதி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். லிஃப்ட் பணிக்கான அங்கீகாரத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரோடு ஒப்பந்தம் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அன்று மாலையே அணைத்து, ஒவ்வொரு மாடியிலும் பலகை மாட்டினோம். நான்காம் மாடிக்காரர்களின் கோபம் இன்னும் தீரவில்லை. வேறொரு நிறுவனத்தின் தொழில்நுட்பர் அங்கீகாரக் கடிதத்தோடு வந்து பார்த்ததில், இரண்டாம் மாடிக் கதவுப் பூட்டின் உருளை உடைந்திருந்தது. பிரேக் லைனரும் ஒரு பக்கம் காகிதம்போல் தேய்ந்திருந்தது. ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பூட்டும் லைனரும் மாற்றிவிட்டால் உடனே இயக்கலாமா?

பதில் (ராணிப்பேட்டை, மின் பொறியாளர்):

உரிமம் காலாவதியாகியிருக்கையில் இயக்க வேண்டாம். மாற்றிய பாகங்களையும் தேதியையும் பதிவேட்டில் எழுதித் தொழில்நுட்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தச் சிவப்பு ஒயரையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஆய்வாளர் வரும்போது காட்டலாம். அதுவரை பலகை இருக்கட்டும்.